வெண்டைக்காய்க்கு விலை ஏற்றிய கிரேன் மாமு

பேரம் பேசுவதில் சூரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் காய்கறி வண்டிக்காரியிடம் மேல்நோக்கிப் பேரம் பேசி, ஒரு தெருவையே தனக்கு எதிரியாக்கிக்கொண்ட ஒரே ஜீவன் எங்கள் ராயபுரத்துக் கிரேன் மாமுதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன், அவர் பூசைக்குப் போகும் மாதா கோயில் உட்பட.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்பவனுக்குக் கேட்கும்படி கத்தியே பழகிய தொண்டை. வாசலில் நின்று "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்று என்னைக் கேட்டால், பக்கத்துத் தெருக்காரர் "ஆச்சு" என்று பதில் சொல்வார்.

காலையில் கன்னியம்மாவின் தள்ளுவண்டி முனை திரும்பியதுமே ஆரம்பமாகிவிடும்.

"வெண்டக்கா இன்னா வெலம்மா?"

"கிலோ இருவது மாமு."

"இருவதா? அக்கிரமமா கீதே! இருவத்தஞ்சு வாங்கிக்கோ."

முதல் தடவை கன்னியம்மா பயந்துபோனாள். விடிந்ததுமே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள். மறுநாள், ஆள் ஏதோ எண்ணத்தோடுதான் பேசுகிறார் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்கப்புறம் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டதும் வியாபாரம் சூடு பிடித்தது. ஊருக்கு ஒரு விலை, மாமு வாசலில் நிற்கும் நேரத்துக்கு இன்னொரு விலை.

தெருப் பெண்கள் கொதித்தார்கள். என் மனைவி, மாமு எப்போது குளிக்கப் போகிறார் என்று வேவு பார்த்து, அவர் தலை துவட்டுவதற்குள் காய் வாங்கி வந்துவிடுவாள். "பென்ஷன் வர்ற திமிரு. ஒத்தை வயிறு. அவருக்கென்ன?" என்று பையை உதறுவாள்.

விலையோடு விட்டாரா? வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்து வாங்குவது நம் மக்களின் பிறப்புரிமை. மாமுவுக்கு அது கொலைக்குற்றம். "ஏம்மே, துணிக்கடைல பொடவையக் கிழிச்சுப் பாத்துதான் வாங்குவியா?" என்று கத்துவார். ஒருநாள் மாடி வீட்டு அம்மாள் கைக்கு வந்த காயையெல்லாம் ஒடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுகூட வாங்காமல் போய்விட்டார். மாமு அந்த முனைகளைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, மாடி ஏறி மணியடித்தார். "உங்க சாமான வுட்டுட்டு வந்துட்டீங்கமா." அந்த அம்மாளின் கணவர் போலீசுக்குப் போவதாகக் குதித்தார். என்னவென்று புகார் எழுதுவது என்று தெரியாமல் கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

மெயின் ரோட்டில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று திறந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை பில் போடும் பெண்ணிடம் நீட்டி, "பாதி வெலைக்குக் குடு" என்றார்.

அந்தப் பெண் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அதுலயே வெலை போட்டிருக்கு சார்" என்றது.

"உள்ள பாதி காத்துதான கீது? கெழங்குக்கு மட்டும் துட்டு வாங்கிக்கோ."

வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். மாமு அவர்கள் பக்கம் திரும்பினார். "கன்னியம்மா கைல அந்தப் பேச்சு பேசுறீங்க. இங்க மட்டும் எல்லாருக்கும் தொண்ட கட்டிகிச்சா?"

காவலாளி எங்கள் இருவரையும் மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

டீக்கடையில் வைத்துத்தான் காரணம் சொன்னார். தங்கை லூர்துமேரியை ஊத்துக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தங்கை புருஷன் சவரிக்குக் கொஞ்சம் நிலம். வெண்டைதான் போடுவார். "நான் இங்க ஏத்திக் குடுத்தா, அது கைக்குக் கை மாறி அங்க போய்ச் சேரும் நைனா. எங்கனா ஒரு எடத்துல எவனாச்சும் ஆரம்பிக்கணும்ல?"

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் படிப்பின் லட்சணம் அப்படி.

பிறகு ஒரு நல்ல வருடம் வந்தது. மழை வேண்டிய நேரத்தில் பெய்தது, பூச்சி விழவில்லை, எல்லார் தோட்டத்திலும் வெண்டை காய்த்துத் தள்ளியது. விவசாயிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. மண்டியில் கேட்ட விலை பறிக்கிற கூலிக்கே காணவில்லை. பறிக்காமல் விடலாம் என்றால், வெண்டை காத்திருக்காது, முற்றிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் அப்புறம் பூவும் குறைந்துபோகும். சவரி போனில் புலம்பினார். "நஷ்டத்துக்குத்தான் மச்சான் பறிக்கிறேன். மாட்டுக்குப் போட்டேன். ரெண்டு நாள் தின்னுச்சு, இப்ப அதுவும் மூஞ்சியத் திருப்பிக்குது."

இத்தனைக்கும் எங்கள் தெருவில் வெண்டைக்காய் விலை இரண்டே ரூபாய்தான் இறங்கியிருந்தது.

மாமு பொங்கி எழுந்தார். "எவனும் நடுவுல வேணாம். மூட்டையக் கட்டு மாப்ள, நேரா இட்டுகினு வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில், மாதா கோயில் எதிரே சவரியின் காய் மூட்டைகள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சவரி கூச்சத்தோடு நின்றார். பக்கத்தில் துறைமுகத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மாமு. ஏன் ஹெல்மெட் என்று கேட்டேன். "ஜனங்க முண்டியடிச்சுக்கினு வருவாங்க நைனா" என்றார்.

அன்றைய பிரசங்கத்தில் சாமியார் உழவர்களுக்காக ஜெபித்திருந்தார். கூட்டம் நெகிழ்ந்துபோய் வெளியே வந்தது. சவரியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். உழவரைக் காப்போம் என்று அங்கேயே நின்று போனில் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டுக் கால் கிலோ கேட்டார்கள், முனையை ஒடித்துப் பார்த்து. மாமு போட்ட கூச்சலில் வந்தவர்களில் பாதிப் பேர் கலைந்தார்கள்.

மீதிப் பேரை விரட்டியது காரில் வந்த ஒரு கனவான். "நேராத் தோட்டத்துலேருந்து வருது. நடுவுல கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. அப்போ மண்டி விலைக்கும் கீழதானே தரணும்?" என்றார். மிக மரியாதையாகத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் "அதானே?" என்றார்கள். சவரி தன் காயையே குற்றவாளியைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. வெண்டை வதங்கத் தொடங்கியது. அப்போது கன்னியம்மா வந்தாள். அன்றைக்கு அவள் வண்டியில் வைத்த காய் வைத்தபடி இருந்தது.

"நல்லா கீதா மாமு? தெனம் ஏத்திக் குடுத்துட்டு இன்னிக்கி என் வயித்துல அடிக்கிறியே?"

"உன்ன இல்லம்மா. நடுவுல துன்றவன..."

"நடுவுல நாந்தான் கீறேன்! என்னத் தவுர வேற எவனை உனக்குத் தெரியும்?"

மாமு தடுமாறினார். "நான் ஏத்திக் குடுத்ததெல்லாம் இவனுக்குப் போய்ச் சேரணும்னுதானம்மா குடுத்தேன்."

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவுருக்கு எப்டிப் போவும்? என் பொண்ணு காலேஜுக்குப் போச்சு அந்தத் துட்டு. மண்டில போயி, 'இந்தாப்பா அஞ்சு ரூவா மேல வெச்சிக்கோ'ன்னு நான் குடுப்பேனா? நான் இன்னா உன்ன மாரி லூசா?"

மாமு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் மிச்ச மூட்டைகளைக் கன்னியம்மாவே எடுத்துக்கொண்டாள். சவரியிடம் அடித்துப் பேசி, மண்டி விலைக்கும் கீழே இறக்கினாள். மாமு வாயைத் திறக்கப் போனார். சவரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு மச்சான். திருப்பி ஏத்திகினு போனா வண்டி வாடகையும் தண்டம்" என்றார். நிம்மதியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் சவரி வெண்டை போடவில்லை. நிலத்தில் சவுக்கு மரக்கன்றுகளை நட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நாளில் மாமு வீட்டுக்கு வருவார். அப்படி வந்த ஒருநாள் கன்னியம்மாவின் வண்டியருகே நின்று, "கத்தரிக்கா முப்பதாம்மா? வாங்குற சம்பளத்துக்குக் கட்டுப்படியாகல. கொறச்சுக் குடு" என்று கேட்டார்.

மாமு வாசலில்தான் நின்றிருந்தார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது. அவர் கத்தவில்லை. "கேக்குற வெலைக்குக் குடுத்துடு தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு காலை வேளைகளில் தெரு நிம்மதியாக இருந்தது. எங்களுக்கு அந்த நிம்மதி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "அந்த மனுஷன் என்ன பண்றாருன்னே தெரியல. போய்க் கூட்டிட்டு வாங்க, இங்க சாப்பிடட்டும்" என்றாள்.

வந்தார். தலை குனிந்து சாப்பிட்டார். போதும் போதும் என்று அவர் தட்டின் மேல் கையை விரித்து மறைக்க, அந்த விரல்களை விலக்கிவிட்டு என் மனைவி இன்னொரு கரண்டி மீன் குழம்பை ஊற்றினாள்.