கஸ்டர்ட் வரி

இந்த உலகத்தில் வரி என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குத் தீர்மானித்தேன். சம்பளச் சீட்டு கைக்கு வந்த நேரம் அதுதான்.

நான் பெயிண்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிறவன். முப்பத்திரண்டு வகை வெள்ளையைக் கண்ணாலேயே பிரித்துச் சொல்லுவேன். அப்படிக் கண்ணைக் கசக்கிச் சம்பாதித்ததில் ஒரு பெரிய துண்டை என்னைக் கேட்காமலே வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வரி என்று கௌரவமாக ஒரு பெயர் வேறு! வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"ஒருத்தன் உழைச்சதை இன்னொருத்தன் கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் என்ன? கொள்ளை!"

"சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள் மனைவி. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். யார் கத்தினாலும் பதறமாட்டாள். கத்துகிறவனுக்கு நாடி பிடித்துப் பார்ப்பாள்.

"நான் சொல்றது தப்பா?"

"வரி இல்லேன்னா ரோடு யாரு போடுவாங்க? எனக்குச் சம்பளம் யாரு குடுப்பாங்க?"

"ஜனங்க குடுப்பாங்க. மனசார, விருப்பத்தோட! கட்டாயப்படுத்தினாத்தான் மனுஷன் ஒளிச்சு வைப்பான். சும்மா விட்டுப் பாரு, அள்ளி அள்ளிக் குடுப்பான்."

"நிஜமாவா?"

"மனுஷ சுபாவமே குடுக்கறதுதான்," என்று சொல்லிக்கொண்டே ஸ்பூனை மகளின் கிண்ணத்துக்குள் விட்டேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ரத்தத்தில் சர்க்கரை. வீட்டில் கஸ்டர்ட் செய்தால் மேஜைக்கு இரண்டு கிண்ணம்தான் வரும். எனக்குக் கிடையாது. ஆனால் அவர்கள் சாப்பிட ஆரம்பிக்கும் முன்னால் ருசி பார்க்க ஒரு ஸ்பூன் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்கு 'அப்பா வரி' என்று நானே செல்லமாகப் பெயர் வைத்தேன். ஒரு ஸ்பூன் நாளாவட்டத்தில் மூன்றாயிற்று. அதன்மேல், மேலாக நிற்கும் பழத்துண்டுக்கு ஒரு கூடுதல் வரி. மனைவியின் கிண்ணத்திலும் இதே விகிதம்தான். ஆகமொத்தம் மூன்றாவது கிண்ணம் ஒன்று என் வயிற்றுக்குள் ஓசைப்படாமல் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் இனிப்பு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மகள் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் என்னன்னு சொன்னீங்கப்பா?"

"அது வேற, இது வேற! அப்பா உங்களுக்கு எத்தனை சேவை செய்யறேன்!"

"என்ன சேவை?"

"பல்பு மாத்தறேன்."

"அம்மா மாத்தினாங்க. நீங்க நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டீங்க."

"பாதுகாப்பு! வீட்டுக்குள்ள ஒரு கரப்பான் பூச்சி வந்தா..."

"கட்டில் மேல ஏறிடுவீங்க," என்று முடித்து வைத்தாள் மனைவி. "குழந்தை கேக்கறதுல ஞாயம் இருக்குங்க. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாம். இன்னிலேருந்து அப்பா வரி ரத்து. மனசார, விருப்பத்தோட, நாங்களே உங்க தட்டுல போடறோம். சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஏன் சொல்லமாட்டேன்? பெற்ற மகள், கட்டிய மனைவி. மூன்று ஸ்பூன் ஐந்தாகும் என்று நாக்கு துள்ளியது.

மறுநாள் நன்கொடைகள் வந்து குவிந்தன. வேகவைத்த காரட் அத்தனையையும் மகள் மனசார என் தட்டுக்குத் தள்ளினாள். பின்னாலேயே பீன்ஸ் வந்தது. தீய்ந்துபோன ரொட்டி ஓரத்தை மனைவி விருப்பத்தோடு பிய்த்துக் கொடுத்தாள்.

"கஸ்டர்ட்?" என்றேன்.

"அதைக் குடுக்க மனசு வரலைப்பா," என்றாள் மகள் உருக்கமாக. "மனசு வராம குடுக்கக் கூடாதில்ல?"

மூன்று நாள் இதே கதை. காரட் தின்று தின்று எனக்கு முப்பத்து மூன்றாவது வெள்ளைகூடத் தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் நான் அசருவதாக இல்லை. நன்கொடை போனால் போகட்டும், கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே! யாருக்கு வேலை ஆக வேண்டுமோ அவர்கள் கொடுத்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வெளியே போன சமயம் பார்த்து, சமையலறையில் இருந்த பாட்டில் மூடிகளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். ஜாம், காப்பிப் பொடி, மிளகு, கஸ்டர்ட் பவுடர் எதையும் விடவில்லை. பிறகு பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்துகொண்டேன்.

மனைவி வந்தாள். கஸ்டர்ட் பவுடர் பாட்டிலை எடுத்துத் திருகினாள். மூடி அசையவில்லை.

"திறந்து தரணுமா?" என்றேன் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "ஒரு மூடிக்கு ரெண்டு ஸ்பூன்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தி முனையை மூடிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். 'டப்' என்று திறந்துகொண்டது. மற்ற பாட்டில்களும் அப்படியே வரிசையாகத் திறந்தன. இறுக்கிய எனக்குத்தான் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. அதற்கும் அவளே கட்டுப் போட்டாள்.

"பயப்படாதீங்க, இதுக்கு ஸ்பூன் கேக்கமாட்டேன்," என்றாள். "எங்க ஆஸ்பத்திரியில இலவசம்."

ஞாயிற்றுக்கிழமை கஸ்டர்டில் வாழைப்பழம் மிதந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மானம் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மேஜையைக் குத்தினேன். கட்டுப் போட்ட கை என்பதால் மெதுவாகத்தான்.

"வரி வேணும்!"

"என்னங்க சொல்றீங்க?"

"வரி வேணும்னு சொல்றேன்! இஷ்டத்துக்கு விட்டா எல்லாரும் தனக்கு வேண்டாததைத்தான் தள்ளிவிடறாங்க. கட்டணம் வெச்சா கையில கத்தி இருக்கறவங்க தப்பிச்சுக்கறாங்க. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஆளுக்கு ஒரு பங்கு வெச்சே ஆகணும். அதுதான் ஞாயம்!"

"வெச்சதை என்ன பண்ணணும்?"

"என்ன கேள்வி இது? பொதுக் காரியத்துக்குப் போகணும். யாருக்கு முடியலையோ அவங்களுக்குப் போகணும்!"

"வசூல் பண்றவரே சாப்பிட்டுட்டா?" என்றாள் மகள்.

"சேச்சே! அது ஊழல்! ஆளைப் பிடிச்சு உள்ள தள்ளணும்!"

ஆவேசத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

"அப்போ ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றாள் மனைவி. மூன்று கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என்னுடைய கட்டுப் போட்ட கை.

மகள் தன் கிண்ணத்திலிருந்து மூன்று ஸ்பூன் எடுத்துப் புதுக் கிண்ணத்தில் போட்டாள். மனைவி மூன்று ஸ்பூன் போட்டாள். பழத்துண்டுகூட வஞ்சனை இல்லாமல் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பூனோடு கிட்டே போனேன்.

"ஊழல்," என்றாள் மகள்.

மனைவி கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி, என் நல்ல கையில் கொடுத்தாள்.

"மாடி வீட்டு பியானோ டீச்சர் காலை உடைச்சுக்கிட்டுப் பத்து நாளா படுத்திருக்காங்க. அவங்களுக்குத்தான் முடியலை. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. இனிமே தினமும் இது உங்க வேலை."

"இருபத்தாறு படி ஏறணுமே!"

"ஏறினா சர்க்கரை இறங்கும்ங்க."

ஏறினேன். தணிக்கை செய்வதற்காக வக்கீலும் பின்னாலேயே வந்தாள். டீச்சர் தலையணையில் சாய்ந்தபடி ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ருசித்தார். நான் எச்சிலை விழுங்கினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இனிப்பு கொஞ்சம் பத்தலை," என்றார். "நாளைலேருந்து நீங்க ரெண்டு ஸ்பூன் ருசி பார்த்துட்டு, சரியா இருந்தா கொண்டு வாங்களேன்."

அந்தப் புண்ணியவதிக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கப்பா ரொம்ப நேர்மையானவர் டீச்சர். பொதுச் சொத்துல கை வெக்கமாட்டார்."