மல்லிகா என்கிற யூசர் நேம்

செஞ்சி பஜாரில் சம்பாவின் கை படாத கம்ப்யூட்டர் ஒன்றுகூட இருந்ததில்லை என்று எந்தக் கோயிலிலும் நான் சத்தியம் செய்வேன். அவருடைய சொந்தப் பெயர் அவருக்காவது நினைவிருந்ததா என்பதுதான் சந்தேகம்.

லினக்ஸ் மெஷினில் இருக்கும் ஃபைலை விண்டோஸ் மெஷினில் திறக்க வைக்கிற இலவச மென்பொருளுக்கு சாம்பா என்று பெயர். அதை அவர் ஓயாமல் சொல்லப்போய், ஊர் அவரையே சம்பாவாக்கிவிட்டது. ஒருநாள் நெல் மண்டிக்காரர் ஒருவர் வழிமறித்து, "சம்பா மூட்டை இன்னா வெல போவுது?" என்று கேட்டார். இவர் சிரிக்காமல், "அது ஃப்ரீ" என்றார். மண்டிக்காரர் அன்று முழுக்க இவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்யும் அச்சகத்தில் ஃபைல்கள் எல்லாம் உள்ளறை லினக்ஸ் மெஷினில் இருக்கும்; எங்கள் விண்டோஸ் மெஷின்களிலிருந்து பேரும் பாஸ்வேர்டும் கொடுத்துத் திறப்போம். எங்களோடு டைப் அடித்த மல்லிகா அக்கா சம்பாவின் மனைவி. லாகின் தகராறு என்று வந்துவிட்டால், அவருக்கு மனைவியும் ஒரு கஸ்டமர்தான்.

"மேடம், யூசர் நேம் இன்னா?"

"நீங்க தாலி கட்டனவ பேருதான்."

"ஸ்பெல்லிங் சொல்லுங்க."

முதலாளிக்கு ஒருமுறை பாடமே எடுத்தார். "லினக்ஸ்ல பேரு இருந்தா போதாது மொதலாளி, சாம்பாலயும் தனியா சேக்கணும். ரேஷன் கார்டுல பேரு இருக்குதுன்னு ஓட்டு போட வுட்டுடுவானா?"

மல்லிகா அக்கா காய்ச்சல் என்று படுத்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் உள்ளறை மெஷின் பழுதாகி, சம்பாவே புதிது வைத்தார். அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் தெரியாது. ஒவ்வொருவராகப் போய் அடித்துக் கொடுத்தோம். அக்காவின் விண்டோஸ் மெஷின் மட்டும், தன்னிடம் சேமித்து வைத்திருந்த அக்காவின் பெயரைச் சொல்லித் தானாக உள்ளே போகப் பார்த்தது. புது மெஷின் விடவில்லை.

"அந்தப் பேர அழிச்சிட்டு, புதுசா வந்த பொண்ணு பேர போட்டுடுப்பா" என்றார் முதலாளி.

"அழிச்சா ஃபைலெல்லாம் போயிடும் மொதலாளி."

அது பொய். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும், "அப்ப இருக்கட்டும். அந்தப் பொண்ணு வேற மெஷின்ல உக்காரட்டும்" என்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். கூப்பிடாமலே சம்பா வந்தார். என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார். ஆள் இல்லாவிட்டாலும் தினமும் ஆன் ஆகிவிடும் அக்காவின் மெஷின் உள்ளே வரக் கேட்டதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. வரிக்கு வரி மல்லிகா, வரிக்கு வரி அனுமதி இல்லை.

"தெனம் வந்து வாசல்ல நிக்கறா. இது ஆளு தெரியாதுன்னு தொரத்திக்கினே இருக்குது. என்னால பாக்க முடியலப்பா."

அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சேமித்த பெயரை நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் விரல் மவுஸ் மேல் அப்படியே நின்றது. நான் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். திரும்பியபோது மெஷினை அணைத்துவிட்டு, கீபோர்டின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவலூர்பேட்டையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். பஜார் பக்கமே வருவதில்லை. லாகின் தகராறுகளை இப்போது நானே தீர்த்துவிடுகிறேன். போன மாதமும் ஒன்று வந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. முடித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பஸ் ஏறி வாங்க."