சுப்பிரமணி அண்ணனுக்கு நான் எழுதிய குறைபாடுகள்

ஆளைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் பார்க்கும் வியாதி எனக்கு இருந்தது. ஒரு நர்ஸ் இதை ஒப்புக்கொள்வது கேவலம்தான். என்ன செய்வது, நடந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுவில், நல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்ற சிஸ்டர்கள் நோட்டில் ‘ஆள் சோர்வு’ என்று வாய்க்கு வந்தபடி எழுதுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயாளியின் நிலைக்கு எல்லோரும் ஒரே சொல்லை எழுதினால்தான் அடுத்த ஷிஃப்டுக்கு அப்படியே புரியும் என்று படித்து வந்தவள் நான். (வகுப்பில் முதல் மதிப்பெண் வேறு. கேட்கவா வேண்டும்?)

ஒரு நாள் காலை, பனியன் கம்பெனி டெய்லர் சுப்பிரமணி அண்ணனைக் கொண்டுவந்தார்கள். மிஷின் ஊசி வலதுகை விரலில் இறங்கி, மயங்கி விழுந்திருக்கிறார். கூட்டிவந்த சூப்பர்வைசர் பீகாரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெயரையும் ‘மயக்கம்’ என்பதையும் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டுப் போட்டதும் நான் படிவத்தோடு உட்கார்ந்தேன்.

“இப்ப எப்படிங்ண்ணா இருக்குது?”

பதில் இல்லை. மேலே காட்டிக் கும்பிட்டார். இடது கையில் ஐந்து விரலை நீட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இட்லி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஒரே ஆளிடம்! மடமடவென்று ஆங்கிலத்தில் எழுதினேன்: பேச்சுத் தொடர்பில் குறைபாடு. தீவிர மனக்குழப்பம். உடல் தேவைக்குக் குறைவான ஊட்டம்.

படித்ததும் டாக்டரின் முகம் மாறியது. “விழுந்ததுல தலைல அடிபட்டிருக்கும். கோயமுத்தூருக்கு ஸ்கேனுக்கு அனுப்புங்க. போறப்பவே குளுக்கோஸ் ஏத்துங்க.”

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அண்ணன் கட்டில் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு வார்த்தை பேசுங்ண்ணா, உட்டுருவாங்க” என்று கெஞ்சினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கண்ணீர் வழிந்தது. நான் நான்காவதாக ‘அச்சம்’ என்று எழுதினேன். (ஆமாம், அந்த நேரத்திலும்.)

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் மனைவி ஓடி வந்தார்.

“எங்கீங்க கூட்டீட்டுப் போறீங்க? சஷ்டி விரதமுங்க! அஞ்சு நாளாச்சு, வெறும் பாலுதானுங்க. இன்னைக்கு ஒரு நாள்தான் பாக்கி, சாயந்தரம் சூரசம்ஹாரம் முடிஞ்சுதானுங்க பேசுவாரு. ஏழு வருசங்கழிச்சு இப்பத்தானுங்க வயித்துல தங்கியிருக்குது. அது நல்லபடியாப் பொறக்கோணும்னு வேண்டுதலுங்க.”

வார்டே என்னைப் பார்த்தது. நான் கிறிஸ்தவப் பெண் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் பக்கத்து வீட்டுச் சஷ்டிப் பிரசாதம் தின்றே வளர்ந்தவள்.

“ஊட்டுக்காரங்களைக் கேட்டியாம்மா?” என்றார் டாக்டர்.

“படிவத்துல அந்தக் கட்டம் இல்லீங்க டாக்டர்” என்றேன்.

அவர் அண்ணனின் கண்ணில் டார்ச் அடித்து, கைகாலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. நான் மருந்து ரூமில் நின்று அழுதேன்.

சாயந்தரம் விரதம் முடிந்தது. ஆறு நாள் கழித்து அந்த வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“ஏனுங்க சிஸ்டர், காத்தால இருந்து நீங்க ஒண்ணுமே சாப்புடலீங்களே?”

அந்தப் புத்தகச் சொற்களைத்தான் இன்றும் நோட்டில் எழுதுகிறேன். நல்ல சொற்கள், எழுதியவள்தான் சரியில்லை. இப்போதெல்லாம் வீட்டாரிடம் கேட்ட பிறகே பேனாவைத் திறக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு அழைப்பு உண்டு. வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அண்ணன் என்னை அறிமுகம் செய்வார்:

“எனக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுன்னு இங்கிலீசுல எழுதுன சிஸ்டர் இவங்கதானுங்க. மொதல்ல இவங்களுக்கு எலையப் போடுங்க.”