முடிக்கக் கூடாத படம்

சூரியனோடு தனக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று வெண்டல் முடிவு கட்டியது அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. ஊர் கிளெண்டேல். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் வாசலில் வந்து குந்திக்கொள்ளும். அங்கே போய் இப்படி ஒரு முடிவு எடுப்பவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை இருட்டுப் படப் பிரியனாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்பது அவன் மனைவி நெட்டியின் கட்சி.

இருட்டுப் படம் என்றால் 'நுவார்' என்கிறார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் குற்றக் கதைகள். மழைக்கோட்டு, சாய்த்து வைத்த தொப்பி, ஈரத் தெரு, ஆளைக் கவிழ்க்கிற ஒரு அழகி, கவிழ்வதற்கென்றே பிறந்த ஒரு ஆண். இப்போது கலரில் வரும் 'நியோ நுவார்' எல்லாம் அவற்றின் பேரப்பிள்ளைகள். தாத்தாவின் தொப்பி இருக்காது. தாத்தாவின் மூக்கு அப்படியே இருக்கும்.

வெண்டல் ஸ்டுடியோவில் லைட்மேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவன் தன் வீட்டை இருட்டடித்து வைத்திருந்தான். கூடத்துச் சுவர் சாம்பல் நிறம். பெரிய ஜன்னலில் கயிற்றை இழுத்தால் திறந்து மூடும் பட்டைத் திரை. அதைப் பாதி மூடி வைத்தால் சோபாவில் உட்காருகிறவர் முகத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். வெண்டல் கண்ணுக்கு அது கலை. மற்றவர் கண்ணுக்கு விபூதி.

அந்தத் திரையைக் கழற்றத்தான் அன்றைக்கு நெட்டி ஏணி மேல் நின்றிருந்தாள், கையில் திருப்புளியோடு. பேர்தான் நெட்டி. ஆள் குட்டை. ஏணியின் கடைசிப் படியில் நின்றால்தான் முதல் திருகாணி எட்டும்.

"நெட்டி! இறங்கு! என்ன பண்றே?"

"வெளிச்சத்தை உள்ளே விடறேன். எட்டு வருஷமா வெளியிலயே காத்துக்கிட்டு நிக்குது, பாவம்."

"திரை போனா நிழல் போயிடும்!"

"போகட்டும். சுவருக்கு எலுமிச்சை மஞ்சள் அடிக்கப் போறேன். நேத்து என் அக்கா வந்து சோபான்னு நெனச்சு பூனை மேல உட்கார்ந்துட்டா. பூனை இன்னும் என்னோட பேசல."

வெண்டல் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு ஒரு திட்டம் உதித்தது. அதை விவரிக்க, நெட்டியின் தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

நெட்டியும் சினிமாக்காரிதான். கன்டின்யூட்டி பார்ப்பவள். முதல் ஷாட்டில் கோப்பையில் எவ்வளவு காப்பி, நாயகனுக்கு எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எந்தக் கையில் குடை எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வைப்பவள். இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்துவது லேசா?

"வெண்டல், பிஸ்கட் டப்பா மூடியில இருக்கற வாத்து காலையில அடுப்பைப் பார்த்துச்சு. இப்போ கதவைப் பார்க்குது. எத்தனை தின்னே?"

"ஒண்ணு."

"மூணு. சட்டையில தூள் இருக்கு பாரு, அது ரெண்டு பிஸ்கட் தூள். ஒண்ணு வாயில."

அவளை மடக்க அவள் தொழிலாலேயே மடக்க வேண்டும் என்று வெண்டல் கண்டுபிடித்துவிட்டான்.

"நெட்டி, படப்பிடிப்பு நடக்கற செட்டுல படம் முடியறதுக்குள்ள ஒரு நாற்காலியை நகர்த்தலாமா?"

"நகர்த்தினா கையை உடைப்பேன்."

"திரையைக் கழட்டலாமா?"

"பேச்சே கிடையாது."

"நல்லது. நான் படம் எடுக்கறேன். நம்ம கூடம்தான் செட்."

நெட்டியின் கையில் திருப்புளி அந்தரத்தில் நின்றது. வெண்டல் அட்டையில் 'செட்: கை வைக்காதே' என்று எழுதிச் சுவரில் ஒட்டியே விட்டான். அந்த அட்டைக்கு முன்னால் நெட்டி, கோவிலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிறவள் மாதிரி. மனசு வராமல் ஏணியிலிருந்து இறங்கினாள்.

வெண்டலுக்கு உள்ளுக்குள் குத்தாட்டம். படம் முடிகிற வரைக்கும்தானே கை வைக்கக் கூடாது? சரி, படத்தை முடிக்கவே கூடாது. கடைசி ஷாட்டை எடுத்தால்தானே முடியும்? அதை எடுத்தால்தானே!

"எத்தனை நிமிஷப் படம்?" என்றாள் நெட்டி.

"அஞ்சு."

"எப்போ முடிப்பே?"

"கலைக்கு ஏது காலண்டர்?"

நெட்டி பத்து விரலிலும் நெட்டி முறித்தாள். கோபம் வந்தால் அதுதான் வழக்கம். பத்தாவது விரல் சொடுக்கியதும் முகம் தெளிந்துவிட்டது. அங்கேயே வெண்டல் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, கதை என்ன?"

"ஒரு அப்பாவிக் கணவன். ஒரு அழகான மனைவி. அவனைக் கவிழ்க்கத் திட்டம் போடறா. நீதான் நடிக்கறே."

"பழைய மாதிரிப் படமா, புதுசா?"

"புதுசு. நியோ நுவார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தெரியாமத்தான் கேக்கறேன்."

கணவனிடம் 'தெரியாமல்தான் கேட்கிறேன்' என்று ஒரு மனைவி சொன்னால் அவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்தக் காலத்துல சினிமாவுக்குக் கட்டுப்பாடு ஜாஸ்தி. தப்புப் பண்ணினவங்க தப்பிக்கவே கூடாது. அதனால அழகி கடைசியில செத்தே ஆகணும், இல்லேன்னா ஜெயில். இப்போ அந்தக் கட்டுப்பாடு இல்ல. புதுப் படத்துல அவ எல்லாரையும் ஏமாத்திட்டு, கடற்கரையில காலை நீட்டிக்கிட்டு இளநீர் குடிப்பா."

"ஓ! அப்போ நம்ம படத்துல?"

"நீ சாகறே."

"புதுசுன்னியே?"

"கலர்தான் புதுசு."

"சரி சரி. இன்னொரு சந்தேகம். இந்த மாதிரிப் படம் முடிவுலதானே ஆரம்பிக்கும்? எல்லாம் முடிஞ்சு போய், குண்டடிபட்டவன் உட்கார்ந்து, நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லுவான்ல?"

"ஆமா! அதுதான் இலக்கணமே!" என்று துள்ளினான் வெண்டல். மனைவிக்கு இவ்வளவு ரசனையா!

"அப்போ முதல்ல அதைத்தான் எடுக்கணும்."

"அதைத்தான் எடுக்கப் போறேன்."

எது முதல், எது கடைசி என்ற குழப்பத்தில் வெண்டல் தன் திட்டத்துக்குத் தானே குழி வெட்டிக்கொண்டது அந்த நொடியில்தான்.

மறுவாரம் பிற்பகல் மூன்று மணிக்குப் படப்பிடிப்பு. இருட்டுப் படத்துக்கு எதற்குப் பிற்பகல் என்றால், திரையை இழுத்து விளக்குக்கு நீலக் கண்ணாடி போட்டுவிட்டால் பகலே இரவாகிவிடும். தெரு ஈரமாக இருக்க வேண்டுமே என்று வெண்டல் குழாயை நீட்டித் தார்ச்சாலையை நனைத்தான். அடுத்த வீட்டு ஹாஸ்மிக் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் ஆர்மீனியாக்காரி. எல்லாரையும் 'ஜான்' போட்டுத்தான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் 'அன்பே' மாதிரி. தன் பேரை ஜான் என்று நினைத்துவிட்டாள் போல என்று வெண்டல் முதல் ஒரு வருஷம் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தான்.

"வெண்டல் ஜான், இன்னிக்கு முனிசிபாலிட்டி சொன்ன தண்ணி விடற நாள் இல்லையே! செடிக்கே கிடையாது, ரோட்டுக்கு என்ன தாகம்?"

"நுவார் எடுக்கறேன் ஹாஸ்மிக். நுவாருக்கு ஈரம் வேணும்."

"நூரா? முதல்லயே சொல்லக் கூடாதா!"

பத்தாவது நிமிஷம் ஒரு கூடை மாதுளம் பழத்தோடு வந்து நின்றாள். அவர்கள் பாஷையில் நூர் என்றால் மாதுளை.

"எங்க வீட்டு மரத்துப் பழம். ஈரத்துக்கு ஈரம், இனிப்புக்கு இனிப்பு. படத்துல என் மரத்துப் பேரைப் போடணும்."

அதுவும் நல்லதுக்குத்தான். ரத்தத்துக்கு என்ன செய்வது என்று வெண்டல் விழித்துக்கொண்டிருந்தான். நாலு பழத்தைப் பிழிந்து சட்டையில் ஊற்றினான். கொலை நடந்த வீடாகத் தெரிய வேண்டுமென்று சுவரிலும் ஒரு குவளை வீசினான். சாம்பல் சுவரில் சிவப்பு வழிந்தது. ஹாஸ்மிக் வீட்டுக் கொல்லையில் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்து மூடுபனி வேலையையும் பார்த்துக்கொண்டது. வாசனையில் பிணத்துக்குத்தான் பசி எடுத்தது.

நெட்டி தரையில் செத்துக் கிடந்தாள். வெண்டல் மழைக்கோட்டும் தொப்பியுமாக, வேர்த்து விறுவிறுத்து, முகம் நிறையப் பட்டை நிழலோடு சோபாவில் சரிந்தான். முக்காலி மேல் கேமரா. பேச வாயைத் திறந்தான். அடுத்த வீதியில் யாரோ உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷினைப் போட்டார்கள். ஊரே அதிர்ந்தது.

"வாயை மட்டும் அசை. குரலை அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்றது பிணம்.

வாயை அசைத்தான். "கட்!" என்று கத்தினான். நெட்டி எழுந்து, சுவரில் கறை எவ்வளவு பட்டிருக்கிறது என்று பார்க்க ஜன்னலுக்குப் போய்த் திரைக் கயிற்றை இழுத்தாள். வெயில் மடமடவென்று உள்ளே கொட்டியது. வெண்டல் கண் கூசி, தொப்பி நழுவி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மெஷின் சத்தத்தில் அவன் சொன்ன 'கட்' கேமராவுக்குக் கேட்கவில்லை. கேமராவைத் தொட்டு நிறுத்த வேண்டியவள் நெட்டி. அவளோ ஜன்னலில் நின்றாள், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

குரல் பதிவுக்கான வசனத்தில் நெட்டி கொஞ்சம் கை வைத்தாள்.

"கணவன் கடைசியில உருகணும் வெண்டல். அப்போதான் அழுவாங்க. இதைப் படி."

வெண்டல் படித்தான். கரகரத்த குரலில், மூன்று டேக். "ஆம், செய்தது நான்தான். அவள் கேட்டதெல்லாம் கொஞ்சம் வெளிச்சம். நான் கொடுக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி. இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால், சுவர் முதல் திரை வரை அவள் இஷ்டப்படி என் கையாலேயே மாற்றுவேன்."

படித்து முடித்ததும் அவனுக்கே கண் கலங்கியது.

"பிரமாதம் நெட்டி! வெளிச்சம்னு சும்மா சொல்லல நீ. உள்ளர்த்தம் இருக்கு. வாழ்க்கையோட வெளிச்சம்!"

"உள்ளர்த்தமேதான்" என்றாள் நெட்டி.

அதற்குப் பிறகு வெண்டல் இழுத்தான் பாருங்கள், ஒரு இழுப்பு! சாவித் துவாரத்தை மூன்று நாள் எடுத்தான். காற்றாடி சுற்றுவதை ஒரு வாரம். சாம்பல் கிண்ணத்தை எட்டுக் கோணத்தில். "இன்னும் கடைசி ஷாட் பாக்கி" என்று தினமும் அட்டையைத் தடவிக்கொடுத்தான். நெட்டி நோட்டில் எழுதினாள், கம்ப்யூட்டரில் என்னவோ வெட்டினாள், ஒட்டினாள். மனைவி அடங்கிவிட்டாள் என்று வெண்டல் விசிலடித்துக்கொண்டே குளித்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை.

"வெண்டல், நல்ல சட்டை போட்டுக்கோ. மத்தியானம் ரெண்டு மணிக்கு நூலகத்துல குறும்படப் போட்டி. உன் படம் ஓடுது."

"எந்தப் படம்? என் படம்தான் இன்னும் முடியலையே!"

"முதல் நாளே முடிஞ்சு போச்சே. முடிவைத்தானே முதல்ல எடுத்தே?"

வெண்டல் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டான்.

நூலகக் கூடத்தில் எண்பது பேர். முதல் வரிசையில் ஹாஸ்மிக், தன் மரத்தின் பேர் வருகிறதா என்று பார்க்க. படம் ஓடியது. சாவித் துவாரம். காற்றாடி. ரத்தச் சுவர். வெண்டலின் குரல் உருகி உருகி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. கூடம் மூச்சை அடக்கியது. பிறகு செத்துக் கிடந்த மனைவி மெல்ல எழுந்தாள். நிதானமாக நடந்தாள். கயிற்றை இழுத்தாள். வெள்ளித்திரை முழுக்க வெயில். வெயிலில் தொப்பி நழுவி வாய் பிளந்த கணவன். முற்றும்.

கூரை பிய்ந்துகொண்டது. சிரிப்பும் கைதட்டலும். நடுவராக வந்த வழுக்கைத் தலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"பழைய படமா இருந்தா அவ செத்திருப்பா. இதுல எழுந்து ஜன்னலைத் திறக்கறா! நியோ நுவார்னா இதுதான்! இந்த முடிவு யாரோட யோசனை? டைரக்டர் எங்கே?"

எண்பது தலையும் திரும்பின. வெண்டல் எழுந்து நின்றான். உண்மையைச் சொன்னால் அவன் டைரக்டர் இல்லை. பொய் சொன்னால் ஜன்னல் திரை இல்லை. பதினைந்து வருஷமாக ஊரான் படத்துக்கு விளக்குத் தூக்கியவன். ஒருவரும் அவனை டைரக்டர் என்று கூப்பிட்டதில்லை. நெட்டியைப் பார்த்தான். நெட்டி எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டலில் மட்டும் பொய் இல்லை.

"என்னோட... யோசனைதான்" என்றான்.

"திரை, சுவர் எல்லாத்தையும் உங்க கையாலேயே மாத்துவேன்னு சொன்னீங்களே, நிஜமாவா?"

"நிஜமாத்தான்" என்றான் வெண்டல், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற ஆடு மாதிரி.

முதல் பரிசு அவனுக்குத்தான். பரிசு கொடுத்தது தெருமுனைப் பெயிண்ட் கடை. இரண்டு பெரிய வாளி. நிறத்தை வெற்றி பெற்றவர் தேர்ந்தெடுக்கலாம். வெற்றி பெற்றவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி தேர்ந்தெடுத்துவிட்டாள்.

"பெயிண்ட்தான் பரிசுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று காரில் கேட்டான் வெண்டல்.

"அதனாலதானே இந்தப் போட்டிக்கு அனுப்பினேன். ரெண்டாம் பரிசு ஏணி. அது நம்மகிட்ட இருக்கே."

திங்கட்கிழமை சாயங்காலம். திரை போய்விட்டது. மாதுளைக் கறை மேல் எலுமிச்சை மஞ்சள் பாதி ஏறியிருந்தது. பூனை வெயிலில் மல்லாந்து கிடந்தது, நெட்டியோடு பேச்சுவார்த்தையும் ஆரம்பித்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஸ்மிக், "டைரக்டர் ஜான்! மூலையில விட்டுப் போச்சு பாரு!" என்று குரல் கொடுத்தாள். ஏணி மேல் தொப்பியோடு நின்ற வெண்டலுக்குத் திடீரென்று பொறி தட்டியது.

"நெட்டி! இரண்டாம் பாகம் எடுத்தா என்ன? பாதிச் சுவர் மஞ்சள், பாதி சாம்பல். பிரமாதமான செட். அப்படியே இருக்கட்டும், கை வைக்கக் கூடாது. என்ன சொல்றே?"

நெட்டி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நேத்துப் பாதிச் சுவர் அடிக்கறப்போ பிரஷ் இடது கையில இருந்துச்சு, இப்போ வலது கையில இருக்கு. கையை மாத்திக்கிட்டு மீதியை அடி."