மேட்டில் நிறுத்தி அளந்த ஒயில்

கார் இல்லாதவனுக்கு ஊரில் யாரும் புத்தி சொல்வதில்லை. ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்திப் பாருங்கள், மறுநாள் காலையிலிருந்து ஊரில் எல்லோரும் மெக்கானிக்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாகக் கார் வாங்கிய வாத்தியார் நான். கார் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு முன்பு பல பேரிடம் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு வந்த, வெளிர்நீல நிறச் சின்ன ஜப்பான் கார். (கதவைத் திறக்க ஒரு குத்து, மூட இரண்டு குத்து.)

காரோடு சேர்ந்து எனக்கு ஒரு கவலையும் வந்தது. என்ஜின் ஒயிலை எவ்வளவு தூரம் ஓடிய பிறகு மாற்ற வேண்டும்? ஹற்றன் பஸ் டிரைவர் மூவாயிரம் கிலோமீட்டர் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் பத்தாயிரம் என்று அடித்துச் சொன்னார். (அவரிடம் சைக்கிள்கூட இல்லை.) கடைசியில் கராஜ் மெக்கானிக் பாஸ் ஐயாயிரம் என்று தீர்ப்புச் சொல்லி, புது ஒயிலும் ஊற்றி, அடுத்த முறை எப்போது என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"ஒயில் கொறைஞ்சா என்ஜின் ஜாம் ஆயிரும் சேர். அப்புறம் கார இரும்புக் கடைக்குத்தான் குடுக்கணும். அப்பப்ப கம்பிய எடுத்துப் பாத்துக்குங்க" என்றார்.

அவருக்கு அப்பப்ப என்றால் மாதம் ஒரு தடவையோ என்னவோ, எனக்குத் தினமும். விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே பொனட்டைத் திறந்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. வாசலில் பந்தை வைத்தால் அது ஆற்றில் போய்த்தான் நிற்கும். காரின் மூக்கு மலையைப் பார்த்தபடி இருக்க, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, அந்தக் கோலத்திலேயே அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பேன். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் ஒயில் நின்றால் நல்லது. என் காரில் அது கீழ்கோட்டைக்கூடத் தொடாது. கொஞ்சம் ஊற்றுவேன். மறுநாளும் தொடாது, மறுநாளும் ஊற்றுவேன்.

"அந்தக் காரு என்ன கைப்பிள்ளையா தம்பி? எந்திரிச்ச ஒடனே பால் குடுக்கிற மாதிரி குடுக்குற" என்று அம்மா கேட்பார். பொறுப்பான மனிதர்களை உலகம் இப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் அம்மாவின் தம்பி முத்தையா மாமா இறம்பொடையில் எனக்கு ஒரு பெண் பார்த்தார். பெயர் ரேணுகா, தபால் கந்தோரில் வேலை. அதற்கு முன்பு இரண்டு இடங்கள் தட்டிப் போயிருந்ததால் நான் கொஞ்சம் வெறுத்துப் போயிருந்தேன். ஆனால் மாமா காட்டிய படத்தில் அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது மட்டும் தட்டிப் போகக் கூடாது என்று கோவிலில் தேங்காய் உடைக்கிற அளவுக்கு நிலைமை போய்விட்டது.

"வேன் புடிச்சுப் போனா யாரு மதிப்பா மருமவனே? சொந்தக் கார்ல போயி எறங்கணும். பொண்ணு வீடே அசந்து போகணும்" என்றார் மாமா. (அசந்துதான் போனார்கள்.)

புறப்படுகிற அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். தூரப் பயணம் என்பதால் நான் ஒயிலும் ஒரு கை அதிகமாகவே ஊற்றினேன்.

ஹற்றன் தாண்டும்வரை குறையில்லை. தலவாக்கலை தாண்டி நுவரெலியா ஏற்றம் தொடங்கியதும் பின்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.

"பனி எறங்குது" என்றார் மாமா.

"ஏன்டா, பனி நம்ம காருக்குப் பின்னால மட்டுமா எறங்கும்?" என்றார் அம்மா.

எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மாத்தயா, தும் எனவா!" என்று கத்தினார். புகை வருகிறது என்று சிங்களத்தில் சொல்கிறார். நான் ஏற்றத்திலேயே காரை ஓரங்கட்டி, பொனட்டைத் திறந்து கம்பியை உருவினேன். ஒயில் கீழ்கோட்டுக்கும் கீழே! புகை வருகிறது என்றால் ஒயில் எரிகிறது, எரிகிறது என்றால் குறைகிறது, குறைந்தால் ஊற்ற வேண்டும். என் மூளை அன்றைக்கு அவ்வளவு வேகமாக வேலை செய்தது. டிக்கியில் வைத்திருந்த போத்தலில் மிச்சம் இருந்ததையும் கவிழ்த்துவிட்டேன்.

நுவரெலியா தாண்டி இறக்கத்தில் போகும்போது புகை அடங்கிவிட்டது. "பாத்தீங்களா?" என்று மாமாவைப் பெருமையாகப் பார்த்தேன். பெருமை இறம்பொடை பிரதான வீதி வரைக்கும்தான். பெண் வீட்டுக்குப் போகத் தோட்டத்துப் பாதையில் திரும்பி, முதல் கியரில் ஏற ஆரம்பித்ததும் கார் உள்ளே தேக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாக வெளியே விட்டது. வெள்ளையும் நீலமும் கலந்த புகை தேயிலை மலையை மறைத்தது. தொழிலாளர் லயத்து வாசல்களில் பெண்கள் ஓடி வந்து கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளினார்கள். சோற்றுப் பானைகளை மூடினார்கள். பிள்ளைகள் மட்டும் "ஏய்!" என்று கூச்சல் போட்டுக்கொண்டு புகைக்குள் புகுந்து எங்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அப்படி ஒரு வரவேற்பு மந்திரிமாருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

பெண் வீட்டுக்குப் பக்கத்தில் கோவில் முற்றம். அங்கே காரை நிறுத்தியதும் வெள்ளை வேட்டியோடு ஒருவர் கைகளை வீசிக்கொண்டு வந்தார். பெண்ணின் அப்பா. தோட்டத்தில் கண்டாக்கு என்கிற மேற்பார்வை உத்தியோகம் பார்த்து, மலையில் நிற்கிற ஆட்களை வேலை வாங்கிப் பழகிய குரல்.

"நொளம்பு கடிக்குதுன்னு போன கெழமதானே பொக அடிச்சீங்க! இன்னைக்கு வீட்டுல விசேஷம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்ற நேரம். எடுங்க வண்டிய, எடுங்க!"

புகைக்குள்ளிருந்து மாமாவின் குரல் இருமலோடு வந்தது. "சம்பந்தி, நாங்கதாங்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதைப் பார்க்காமலிருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் பொனட்தான். திறந்து, பழக்க தோஷத்தில் கம்பியை உருவினேன். ஒயில் கீழ்கோட்டைத் தாண்டி, மேல்கோட்டையும் தாண்டி, கம்பியில் பாதி வரைக்கும் பளபளத்தது. அப்போதுதான் என் காலுக்குக் கீழே பார்த்தேன். கோவில் முற்றம் தட்டையாக இருந்தது. அந்தக் கம்பியை நான் முதன்முதலாகச் சமதரையில் உருவியிருக்கிறேன்!

மேட்டைப் பார்த்து நிற்கிற காரில் ஒயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும். கம்பியோ முன்பக்கம். அது குறைவாகத்தான் காட்டும். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது புவியியல். சரிவில் திரவம் எந்தப் பக்கம் போகும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே கை தேய்ந்தவன்.

பெண்ணின் அப்பாவும் கம்பியைப் பார்த்துவிட்டார். "ஒரு கார ஒழுங்காப் பாத்துக்கத் தெரியாதவரு, எம்புள்ளைய எப்படிங்க பாத்துக்குவாரு?"

போச்சு, இதுவும் தட்டிப் போச்சு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (புகை என்று சமாளித்தேன்.) அம்மா எனக்காக வாதாட முன்வந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. எம்மவன் பாக்காம விட்டதே இல்ல. தெனமும் எந்திரிச்சு ஊத்துவான்."

கோவில் மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கூப்பிட்ட பிறகு தேத்தண்ணித் தட்டோடு வர வேண்டிய பெண், பாதி பூ வைத்த தலையோடு வந்து நின்றாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு படத்தில் இருந்ததைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

"அப்பா, அவரு பாக்காம விடல. பாத்துப் பாத்தே இப்படி ஆக்கிட்டாரு" என்றாள். பிறகு, "கன்னுக்குட்டிக்கு மருந்து குடுக்கிற சிரிஞ்ச் இருக்கு. எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள்.

பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் விலகிப் போவது வழக்கம். எங்களுக்கு அந்தத் தனிமை திறந்த பொனட்டுக்குக் கீழே கிடைத்தது. நான் கம்பி போகிற துவாரத்தில் ஒரு மெல்லிய குழாயை விட்டுச் சிரிஞ்சால் ஒயிலை உறிஞ்சினேன். அதை ஏந்த அவள் ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பிடித்தாள்.

"இத எப்பெப்ப மாத்தணும்?"

தெரிந்த கேள்வி வந்ததில் எனக்கு உயிர் வந்தது. "ஐயாயிரம் கிலோமீட்டர்னு சொல்லுவாங்க. நம்ம மலை ரோட்டுல என்ஜினுக்கு வேல கூட, அதனால கொஞ்சம் முந்தியே மாத்துறது நல்லது. ஓடாம நின்னாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணுங்க."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும்... சும்மா இருக்கணும்."

"ஒங்களுக்கு அது கஷ்டமோ?"

"ரொம்ப."

"அப்ப அந்த நேரத்துல வேற யாரையாவது பாத்துக்கலாமே" என்று சொல்லிவிட்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கையில் மாட்டுச் சிரிஞ்சோடு நின்றேன். என் சட்டை நாசமாகியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் நின்றதே இல்லை.

புறப்படும்போது அவளுடைய அப்பா கார்க் கதவைத் தானே மூடிவிட்டார். (இரண்டு குத்து.) குனிந்து, "இனிமே சமதரையில நிறுத்திப் பாருங்க, மாப்பிள்ள" என்றார். மாமா என் தொடையைக் கிள்ளினார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கும் கேட்டிருந்தது.

இப்போதும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். ஒயில் அளவு பார்க்க வேண்டுமென்றால் கீழே வொலிபோல் கிரவுண்டுக்குப் போவேன். என்னைக் கண்டதும் விளையாடுகிறவர்கள் தாங்களாகவே வலையைத் தூக்கி வழிவிடுவார்கள். ஆனால் மாமனார் சொன்ன அந்த வாக்கியம் காரோடு நிற்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்றாலும், பள்ளிக்கூட அதிபர் என்னை மட்டும் முறைக்கிறார் என்றாலும், ரேணுகாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

போன கிழமை மகளின் கணிதப் புள்ளியைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டிலேயே கத்தத் தொடங்கினேன். அவள் ரொட்டியை மென்று முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, சமதரையில நிறுத்திப் பாத்தீங்களா?"

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கோவில் மதிலுக்குப் பின்னாலிருந்து அன்று கேட்ட அதே சிரிப்பு. நான் புள்ளித்தாளை மடித்து வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தேன்.