ஆயுத பூசைக்கு நான் தேச்ச போல்ட்டு

காரையே கழுவி ஆத்துல விட்டேன்னு யாரு சாந்தி உங்கிட்ட சொன்னது? எதிர் வூட்டுக்காரியா? அவ எப்பவும் ஒண்ணை ஒம்பதாக்குவா. காரை நான் ஒண்ணும் பண்ணல. காரோட நட்டு, போல்ட்டை மட்டுந்தான் கழுவுனேன். (எல்லாத்தையும் கழுவிட்டேன், அது வேற விசயம்.)

நீ இந்தத் தெருவுக்குக் குடி வந்து ஆறு மாசந்தானே ஆவுது, உக்காரு, சொல்றேன். அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி எம் மவன் செல்வம் ஒரு பழைய குட்டிக் காரை லாரியில ஏத்திட்டு வந்து மாட்டுக்கொட்டாயில எறக்குனான். ரெண்டே கதவு. மூஞ்சியெல்லாம் துரு. பின்னாடி சீட்டுல ஒரு கோழி அடை படுத்திருந்தது. அந்தக் கோழியும் வண்டியோடவே வந்திருச்சு, நல்ல கோழி, ரெண்டு ஈடு குஞ்சு பொரிச்சுது. சரி, அதை வுடு.

அவனாட்டமே பழைய காரு பைத்தியம் ரெண்டு பேரு. தருமபுரி ஜோசப்பு, பேங்க்குல வேலை. ஓசூரு மஞ்சு, வூட்டுல கன்னடம் பேசற பையன். ஞாயித்துக்கெழமை ஆனா மூணு பேரும் காருக்கு அடியில பூந்துக்குவாங்க. வெளிய எனக்குத் தெரியறது ஆறு காலுதான். காலுகிட்டவே காப்பியை வெச்சிட்டு வருவேன். வேற இஞ்சின் வெக்கறாங்களாம், புது பிரேக்கு வெக்கறாங்களாம். எனக்கு என்ன தெரியும்? அவங்க அப்பா போனதுக்கப்புறம் செல்வம் வாய் விட்டுச் சிரிச்சதை அந்தக் காருக்கு அடியிலதான் நான் கேட்டேன். அது போதும் எனக்கு.

ஆனா ரெண்டு வருசம் ஆயும் வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. எங்க மருமவ கவிதா சொல்லிட்டா: "அத்தை, ஆயுத பூசையன்னிக்கு இது தானா உருண்டு வெளிய வரணும். வரலைன்னா பழைய இரும்புக்காரன் வருவான். கொட்டாயில நான் மாடு கட்டிக்குவேன்." பாவம், மாட்டுக்குப் பேருகூட வெச்சிருந்தா, லட்சுமின்னு.

அப்ப பூசைக்கு மூணு நாளு இருந்துச்சு. செல்வம் வேலைக்குப் போயிட்டான். நான் அருவா, கொத்து, கடப்பாரை எல்லாத்தையும் புளி போட்டுத் தேச்சுட்டு கொட்டாயிக்குள்ள எட்டிப் பாத்தா, பலகை மேல வரிசையா படம் போட்ட ஸ்வீட்டு டப்பா. உள்ள பூரா கரி புடிச்ச நட்டு, போல்ட்டு. டப்பா மேல என்னமோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்துன்னா எறும்பு போற மாதிரி, நான் எங்க அதைப் பாத்தேன்? ஆயுதம்னா இதுவும் ஆயுதந்தானேன்னு அத்தனையும் அண்டாவுல கொட்டி, புளியில ஊற வெச்சு, தேச்சு, மொறத்துல காய வெச்சேன். எண்ணெய்ப் பிசுக்கு டப்பாவெல்லாம் வெந்நி அடுப்புக்குப் போயிருச்சு. நல்லா எரிஞ்சுது.

அதோட வுட்டேனா? பாலக்கோடு மண்டியில எத்தனை வருசம் தக்காளி பொறுக்குன கை இது! பெருசு ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை, பொடி ஒரு கூடைன்னு தரம் பிரிச்சு வெச்சேன். வெள்ளியாட்டம் மின்னுது.

மறுநாள் மூணு பேரும் லீவு போட்டுட்டு வந்தாங்க. கூடையைப் பாத்தாங்க. எது எங்க மாட்டறதுன்னு டப்பா மேலதான் எழுதி வெச்சிருந்தாங்களாம்.

"அய்யோ அஜ்ஜி, ஏனு மாடிபிட்ரி?"ன்னான் மஞ்சு. என்ன பண்ணிட்டீங்க பாட்டின்னு அவங்க பாசையில கேக்கறான்.

"தேச்சேன் கண்ணு. பூசை வருதில்ல?"

ஜோசப்பு கூடையில இருந்து ஒரு போல்ட்டை எடுத்து, "பளபளன்னுதாம்மா இருக்குது"ன்னான். சொல்லிட்டுத் தலையில கை வெச்சு உக்காந்துட்டான். செல்வம் என்னை ஒரு வார்த்தை சொல்லல சாந்தி. "வுடு ஜோசப்பு, இரும்புக்காரனுக்கே போன் பண்ணிரலாம்"னு மெதுவா சொன்னான். அதுக்கு அவன் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

நான் கூடைகிட்ட போயி உக்காந்து ஒரு ஆறு போல்ட்டைப் பொறுக்குனேன். "தலை மழுங்குன இந்த ஆறும் மைசூர்பாக்கு டப்பாவுல இருந்துச்சு"ன்னேன்.

செல்வம் திரும்பிப் பாத்தான். "மைசூர்பாக்கா? அது மஞ்சு கொண்டாந்ததுல்ல?"

"ஆமா, எனக்கு மவ பொறந்தப்ப!"ன்னான் மஞ்சு. "அன்னிக்குத்தான்டா பிரேக்கு கழட்டுனோம்!"

"கழுத்து நீட்டமா இருக்கறது பேரிச்சம்பழ டப்பா."

"அது எங்க வூட்டு கிறிஸ்துமஸ்ஸுக்கு"ன்னு ஜோசப்பு எந்திரிச்சிட்டான். "அன்னிக்கு கதவு!"

அப்புறம் பாரு, அன்னன்னிக்குக் கழட்டுனதை அன்னன்னிக்குத் தின்ன ஸ்வீட்டு டப்பாவுலயே போட்டு வெச்சிருக்காங்க. எந்த டப்பாவுல எதுன்னு நான் சொல்ல, எந்த டப்பா எந்த விசேசத்துக்கு வந்துச்சுன்னு அவங்க சொல்ல, ரெண்டு வருசத்து நல்லது பூரா அந்த மொறத்து மேல வந்துருச்சு. லட்டு டப்பா மட்டும் யாருக்கும் ஞாபகம் வரல. கொட்டாய் வாசல்ல கவிதா நிக்கறா, எப்ப வந்தாளோ.

"எங்க கல்யாண நாளுக்கு இவரு வாங்கியாந்த லட்டு"ன்னா. "எனக்கு ஒண்ணு குடுத்துட்டு மிச்சத்தை இவங்க மூணு பேருமே தின்னுட்டு, சாயந்தரம் வரைக்கும் சீட்டு கழட்டிக்கிட்டு இருந்தாங்க."

செல்வம் தலை நிமிரவே இல்ல. அவளும் மொறத்துக்கு முன்னாடி உக்காந்துட்டா.

ஆயுத பூசையன்னிக்குக் காலையில வண்டி தும்முச்சு, இருமுச்சு, உருண்டு வெளிய வந்துச்சு. எலுமிச்சம்பழம் நசுங்குன சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. முன்னாடி சீட்டுல கவிதா. மாடு கட்ட வூட்டுக்குப் பின்னால வேற எடம் பாத்தாச்சு.

ஆனா ஒரு போல்ட்டு மிஞ்சிருச்சு சாந்தி! மூணு பேரும் அரை நாளு தேடுனாங்க, வண்டியில ஒரு ஓட்டை பாக்கி இல்ல. எதோடதுன்னு இன்னி வரைக்கும் தெரியல. வூட்டுல எது காணாம போனாலும், "ஆயா தேச்சுட்டாங்களா பாரு"ன்னுதான் பேரப்புள்ளைங்க கேக்கறாங்க.

இப்ப கொட்டாயில ரெண்டாவது காரு நிக்குது. பூசை வந்தா கவிதா கொட்டாய்ச் சாவியை இடுப்புல சொருகிக்குவா. அந்த ஒத்தப் போல்ட்டை மட்டும் என் கையில குடுத்து, "இந்தாங்க அத்தை, இது உங்க பங்கு"ம்பா. தேச்சு, பொட்டு வெச்சு, காருக்குள்ள முன்னாடி வெக்கணும்.

நாளைக்குப் பூசையில்ல? புளி ஊறியிருக்கும். கொஞ்சம் கையைக் குடு சாந்தி, எந்திரிக்கறேன்.