காதுக்கும் ஒரு கையெழுத்து

"...காது மட்டும்தான் தெரியுது, ஒத்துக்குறேன். ஆனா அந்தக் காது உங்களுதுதானே? அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மந்தைவெளியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் இப்படிச் சொன்னவர்தான் எங்கள் பர்மிஷன் அக்கா. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அக்கா நீட்டிய டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். படத்தில் மாமன் மடியில் ஒரு காதுகுத்துக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, யாரோ ஒருவரின் காது.

"இன்னாமா இது? குத்துனது கொயந்த காதுல, கையெழுத்து என் காதுக்கா?"

"ஆமாங்க. ஆன்லைன்ல போடப்போறேன். அவங்க சொந்தக்காரங்க ஒரு அறுபது பேர் பாப்பாங்க. போடலாமா, வேணாமா? வேணாம்னா காரணம் சொல்ல வேணாம்."

அவர் சற்று யோசித்தார். "போட்டுக்கமா. நல்லாத்தான் கீது," என்று சொல்லி, அக்காவின் நீள நோட்டில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம், இளநீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் தன் காது கம்ப்யூட்டரில் ஏறிய கதையைச் சொன்னார்.

இந்தச் சென்னையில் எத்தனை லட்சம் கேமரா இருக்கிறதோ தெரியாது. ஆனால் ஒரு மனிதனின் முகத்தை அவனிடமே கேட்டு வாங்கிய பிறவி அக்கா ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

எனக்கு மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை. கடையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சின்ன விசேஷங்களுக்குப் போட்டோ எடுக்கும் அக்கா, அந்த மூலையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே ரொம்ப நாள் தெரியாது. வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் சின்னவர். ஆனாலும் ஊருக்கே அக்கா.

மூலை அவருடையது என்றேனே தவிர, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நின்றபடியே மவுஸைப் பிடிப்பார். ஒரு படத்தை நிமிர்த்துவார், இன்னொன்றில் வெளிச்சம் கூட்டுவார், அதற்குள் வாசலுக்குப் போய் வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு வருவார். டீயும் நின்றபடிதான், வாழைப்பழமும் நடந்தபடிதான். "உக்காருங்கக்கா" என்றால், "உக்காந்தா உடம்பு நம்மள கேள்வி கேக்கும்ணா" என்பார்.

தொள்ளாயிரம் படத்தில் இருநூறைப் பொறுக்கி எடுக்க அவருக்கு ஒரு நாள் போதும். கையில் அவ்வளவு வேகம். "பொண்ணை மட்டும் கொஞ்சம் சிவப்பாக் காட்டுங்களேன்" என்று யாராவது குழைந்தால், "வெளுக்குறது துணிக்குத்தாங்க" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

வம்பு அதற்கு அப்புறம்தான். பொறுக்கி எடுத்த படங்களில் யார் யார் முகம் இருக்கிறதோ அத்தனை பேரையும் தேடிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். சமையல்காரர், மேளக்காரர், வாசலில் பலூன் விற்றவர், சும்மா வேடிக்கை பார்த்தவர் என்று ஒருவரையும் விடமாட்டார். மற்ற போட்டோக்காரர்கள் ரெண்டு நாளில் லிங்க் அனுப்புவார்கள். அக்காவின் லிங்க் வர மூன்று வாரம் ஆகும். "முதல் பிறந்தநாள் படம் வர்றதுக்குள்ள புள்ள ஸ்கூலுக்கே போயிட்டான்" என்று கடையில் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் அடுத்த விசேஷத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். படம் அப்படி இருக்கும்.

தி.நகரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலத்துக்கு நடுவே, சாப்பாடு கொண்டுபோகும் பையோடு ஒருவர் பைக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஹெல்மெட்டுக்குள் ரெண்டு கண் மட்டும் தெரிகிறது. அந்த இரண்டு கண்ணுக்காக அக்கா அதே முனையில் மூன்று சாயங்காலம் காத்திருந்து ஆளைப் பிடித்துவிட்டார்.

"அக்கா, சாப்பாடு ஆறிடும். எங்க சைன் போடணும், குடுங்க, போட்டுட்டுப் போறேன்."

"அவசரத்துல சொல்ற 'சரி', சரி இல்லப்பா. நீ போய்க் குடு. நான் பின்னாடியே வரேன்."

நாலு தெரு பின்னாலேயே போய், அவர் மூன்றாவது மாடியில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு இறங்கும்வரை நின்று, நிதானமாகப் படத்தைக் காட்டி, நிதானமாகச் சம்மதம் வாங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே நிதானம் அதுதான்.

அபிராமபுரத்தில் ஒரு சீமந்தம். அந்த வீட்டு மாமா வாய் நிறைய ஜாங்கிரியோடு ஒரு படத்தில் விழுந்துவிட்டார். அக்கா கேட்கப் போனபோது மாமா அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாராம்: "அம்மா, வேண்டவே வேண்டாம். படம் போற குடும்ப குரூப்ல என் டாக்டர் இருக்கார். என் மச்சினனே அவர்தான்."

மாமி சமையலறையிலிருந்து வந்தார். "நீ போடும்மா. ஆத்துல காபிக்கு அரை ஸ்பூன் சக்கரை போட்டாக்கூட விஷம்ங்கறார். விசேஷம்னா இப்படி முழுங்கிண்டு இருக்கார். எல்லாரும் பாக்கட்டும்."

அக்கா மாமாவின் பக்கம்தான் நின்றார். "ஜாங்கிரி உங்க வீட்டுது மாமி. வாய் மாமாவோடது."

மாமா இன்றைக்கும் அக்கா பெயரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்.

இப்படிப்பட்டவரைத்தான் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டேன். தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

இங்கே என் மனைவி சரளாவின் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மச்சான் இருப்பது அடையாறில். மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆறுதான். அண்ணனும் தங்கையும் பதினோரு வருடமாக அதைக் கடலாக்கி வைத்திருந்தார்கள். காரணம், எங்கள் கிருகப்பிரவேசப் பத்திரிகையை நாங்கள் அவருக்குக் கூரியரில் அனுப்பியது. "கூடப் பொறந்தவனுக்குப் பத்திரிகையை எவனோ ஒருத்தன் கொண்டாந்து கதவிடுக்குல சொருகிட்டுப் போறான்" என்று அன்று பேச்சை நிறுத்தியவர்தான். இந்த முறை தட்டு, பழம், பூவோடு நேரில் போய் அழைத்தோம். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரம்தான் இருந்தார்.

அந்த அரை மணியில் ஒரு நிமிடம், மணப்பெண் அறையில், சுவர்க் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் அவரும் மறு ஓரத்தில் சரளாவும் நின்றார்கள். திடீரென்று மச்சான் சொன்னார்: "பத்திரிகை நேர்ல வந்துச்சு. அதான் நானும் நேர்ல வந்தேன். இல்லேன்னா என்னைக் கூரியர்லதான் அனுப்பியிருப்பேன்."

சரளா வெடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். அறையில் இருந்த ஒரே கேமரா அக்காவுடையது. ஒரே ஒரு கிளிக். அடுத்த நொடி மச்சான் பழைய உர்ருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர் கோயமுத்தூரில் இருந்த என் மாமியார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்ததால் அவரால் நிச்சயத்துக்கு வர முடியவில்லை. தினமும் காலை பத்து மணிக்குப் போன். "மாப்பிள்ளைங்க, படம் வந்துருச்சுங்களா? ரெண்டு பேரும் சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே."

ரெண்டு வாரம் பொறுத்தோம். திடீரென்று வரும் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தகவல் வந்தது. மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. தியேட்டருக்குள் போவதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அவசரத்துக்கு மச்சானையும் சரளாவையும் என் போனில் இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். பார்த்துவிட்டு மாமியார் கேட்டது: "ஏனுங்க, சண்டை இன்னும் தீரலீங்களா?"

வெள்ளிக்கிழமை அக்காவிடம் ஓடினேன். எல்லோரிடமும் கேட்டு முடித்தாகிவிட்டது, ஹால் வாட்ச்மேன் உட்பட. அந்த ஒரு படம் மட்டும் நிற்கிறது என்றார்.

"ஏன், யாரு பாக்கி?"

படத்தைக் காட்டினார். அண்ணனும் தங்கையும் சிரிக்கிறார்கள். நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் அக்கா. ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாக்கை முழம் நீளத்துக்குத் தொங்கவிட்டு, கேமராவோடு காளி மாதிரி நிற்கிறார். கிளிக் பண்ணும்போது அவருக்கு நாக்கு வெளியே வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டில் அந்தப் படத்துக்கு நேரே அவருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது: "கண்ணாடியில் உள்ள பெண். கேட்டாச்சு. வேண்டாம் என்கிறார்."

"அக்கா, அது நீங்கதானே?"

"நான்தான். அதனாலதான் பதில் சட்டுனு கெடச்சுது. மத்தவங்கன்னா மூணு நாள் அலையணும்."

வெட்டிவிடலாமே என்றேன். கண்ணாடியை வெட்டினால் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். பதினோரு வருடமாக இருந்த மாதிரியே. முகத்தை மட்டும் மங்கலாக்கலாமே என்றேன். "மங்கலாக்குனா குத்தவாளி மாதிரி இருக்கும்ணா." மாமியாருக்கு மட்டும் அனுப்பலாமே என்றேன். "ஒருத்தருக்கு அனுப்புனது ஒருத்தரோட நின்ன கதை உண்டா?"

கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இருபத்திரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறார். யாரோ படம் எடுத்து, கேலியாக ஒரு வரி எழுதி, ஆன்லைனில் போட்டுவிட்டார்கள். "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டுக் காபி குடிச்சாங்க. என் மூஞ்சி ஒருதடவை கேக்காமப் போயிருக்கு. போதும்ணா."

சனிக்கிழமை மத்தியானம் சரளா போன் செய்தாள். "படம் உங்க கடை கம்ப்யூட்டர்லதானே இருக்கு? எடுத்து அனுப்புங்க. அம்மாவைவிடவா?"

அக்கா கடையில் இல்லை. கம்ப்யூட்டரில் பூட்டும் இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. 'கேட்டது' என்று ஒரு ஃபோல்டர், 'கேட்காதது' என்று ஒரு ஃபோல்டர், 'வேண்டாம்' என்று ஒன்று. மூன்றாவதில் அந்தப் படம், மாமாவின் ஜாங்கிரிக்குப் பக்கத்தில். மவுஸ்மேல் கையை வைத்தேன். பிறகு ஃபோல்டரை மூடிவிட்டு மச்சானைக் கூப்பிட்டுப் புலம்பினேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்க வெச்சுக் கேட்டீங்க மாப்ள?"

"கடையில."

"கடையில நின்னுக்கிட்டுக் கேட்டா அது கேக்குறதா? அந்தம்மா ஒவ்வொருத்தன் வாசலுக்கும் போவுது. அது வாசலுக்கு யாராச்சும் போனீங்களா?"

எதில் அனுபவமோ அதில்தானே புத்தி வரும்.

ஞாயிறு காலை நானும் சரளாவும் மச்சானும் சாந்தோமில் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினார், வெளியே வந்தார், மின்விசிறியைப் போட்டார், அணைத்தார். சரளா, அக்காவின் டேப்லெட்டை வாங்கி, படத்தை எடுத்து, அவர் கண்ணுக்கு எதிரே நீட்டினாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள்.

"இது நீங்க. கண்ணாடியில தெரியுறீங்க. எங்கம்மாவுக்கு அனுப்பப் போறேன். அப்புறம் எங்க குடும்ப குரூப்ல முப்பத்தாறு பேர் பாப்பாங்க. போடலாமா, வேணாமா?" அடுத்ததைச் சொல்ல அவளுக்கு மனமே இல்லை. ஆனாலும் சொன்னாள். "வேணாம்னா காரணம் சொல்ல வேணாம்."

மச்சான் தொண்டையைச் செருமினார். "அதுல எவனாச்சும் எடுத்து வேற எங்கயாச்சும் போட்டா, நான் நேர்லயே போய்க் கேப்பேன்ம்மா."

அக்கா உட்கார்ந்தார். நான் அறிந்து அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா ஊரு பூரா இதைக் கேட்டுட்டுத் திரியுறேன். கேக்கும்போது எதிர்ல நிக்கிறவங்களுக்கு இப்படி இருக்கும்னு தெரியாது."

"பயமா இருக்கா?" என்றாள் சரளா.

"இல்ல. நல்லா இருக்கு." படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாக்கு ரொம்ப நீளமோ?"

"எங்கண்ணன் நாக்கைவிடக் கம்மிதான்."

மச்சானே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "உங்கம்மா எப்போ பாப்பாங்க?" என்று கேட்டார். "இப்பவே. போனைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க," என்றாள் சரளா.

நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து நான் நீட்டினேன். "ஒரு நிமிஷம்ணா" என்று எழுந்து உள்ளே போனார். தண்ணீர் சத்தம் கேட்டது. எடுத்து ரெண்டு வாரமான படம்; இனி அதில் ஒன்றையும் மாற்ற முடியாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் முகத்தைக் கழுவி, தலையைப் படிய வாரி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார்.